கருப்பி கண்ணு தொறக்கற வரைக்கும்

அம்முணிக்கு அம்மா எழுதறது.

நீ அனுப்புன உன்ர கோழி கருப்பி படத்தப் பாத்தேன். போன்ல சொன்னா பாதியிலயே "சரிம்மா"ன்னு வெச்சுருவே. அதனால எழுதி, முருங்கைக்கீரை கட்டோட சின்னய்யன் வண்டியில குடுத்து உடறேன்.

அது நீ பயப்படற வெள்ளைக்கழிச்சல் நோவு இல்ல. வெள்ளைக்கழிச்சல்னா பச்சையும் வெள்ளையுமாக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்து முறுக்கிக்கும். கருப்பிக்கு கொண்டையிலயும் கண்ணோரத்துலயும் மொளகு மொளகாப் பொருக்கு இருக்குது, கண்ணு ஒட்டிக்கிச்சு. இது அம்மை. மழை உட்டு கொசு பெருகற இந்தக் கார்த்திகையில வர்றதுதான். ஒரு கோழியக் கடிச்ச கொசு இன்னொண்ணக் கடிச்சாப் போதும். மனுசருக்கு ஒட்டாது. இந்தக் கொண்டை அம்மையில கோழி சாகறது பெரும்பாலும் அம்மையால இல்ல கண்ணு, கண்ணு தெரியாம தீனியும் தண்ணியும் எட்டாமக் காஞ்சுதான் சாகுது. நீ உண்ண வெச்சுட்டா அது பொழச்சுக்கும். மூணு, நாலு வாரத்துல பொருக்குத் தானா உதுந்துரும்.

முதல்ல தனியா வெய்யி. ரெண்டடி நீளம், ஒண்ணரையடி அகலம் இருக்கற அட்டைப்பெட்டி போதும். படத்துல பின்னால நாலஞ்சு பெட்டி டேப் ஒட்டி அடுக்கியிருக்குது. உன்ர வீட்டுல பெட்டிக்குப் பஞ்சமில்லையாட்ட தெரியுது. காலியா இருக்கறதுல ஒண்ண எடுத்துக்க. அடியில பேப்பர் விரிச்சு தினமும் மாத்து. உதுந்த பொருக்குலயே நோவு மாசக்கணக்குல உசுரோட இருக்கும், அதனால பழைய பேப்பரச் சுருட்டி எரிச்சுரு. பெட்டி மேல கொசுவலை போட்டு மூடு. கொசுவத்தி, சாம்பிராணி ஒண்ணும் அந்த ரூம்ல வேண்டா. கோழிக்குப் பொகை ஆகாது. வடவள்ளிப் பக்கம் ராத்திரி குளுரும், பெட்டியில ஒரு மூலைக்கு மட்டும் ஒண்ணரையடி ஒசரத்துல நாப்பது வாட்ஸ் குண்டு பல்பு தொங்க உடு. எல்இடி பல்புல அத்தனை சூடு வராது. ஒரு மூலைக்கு மட்டும்னு ஏன் சொல்றேன்னா, சூடு தாங்கலைனா அது நகுந்துக்க எடம் வேணும்.

மத்த ரெண்டு கோழிக்கும் மொதல்ல தீனி போட்டுட்டு, கடைசியா இதுகிட்டப் போகோணும். போயிட்டு வந்து கைய சோப்புப் போட்டுக் கழுவோணும்.

இப்பக் கண்ணு. தண்ணியக் கொதிக்க வெச்சு ஆற உடு. ஒரு டம்ளருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, அதுக்கு மேல வேண்டா. வெதுவெதுன்னு இருக்கறப்ப வெள்ளை வேட்டித் துணிய நனைச்சு, கண்ணு மேல வெச்சு மூணு நாலு நிமிசம் அப்படியே புடி. தேய்க்காதே. பொருக்கு ஊறி எளகுனதும், மூக்குப் பக்கத்துல இருந்து வெளிய பாத்து ஒரே இழுப்பாத் தொடச்சு உடு. உள்ள கட்டிக் கட்டியா வெள்ளையா இருந்தா, எளகி வர்றத மட்டும் எடு. வராதத நாளைக்கு எடுத்துக்கலாம். ஒரு கண்ணுக்குப் பட்ட துணி அடுத்த கண்ணுக்கு ஆகாது. காலையில, மத்தியானம், பொழுது சாய. எந்தக் காரணத்துக்காகவும் பொருக்கப் பிச்சு எடுத்துராதே. பிச்சா ரத்தம் வரும், சீழ் புடிக்கும், தழும்பாகிக் கண்ணு மூடாமப் போயிரும்.

இதுக்கு ரெண்டாளு இருந்தா சுலபம். ஒருத்தர் மடியில வெச்சுப் புடிச்சுக்க, ஒருத்தர் கழுவோணும். தனியாளாப் பண்றதா இருந்தா, பழைய துண்டுல ரெக்கையச் சேத்துச் சுத்தி, தலை மட்டும் வெளிய தெரியற மாதிரி இடது கைக்கு அடியில அணைச்சுக்க. நெஞ்ச இறுக்கிராதே. கோழி நெஞ்சு எந்திரிச்சுத் தணிஞ்சாத்தான் அதுக்கு மூச்சு. ரெண்டு வழியும் எழுதிட்டேன், எது தோதோ அதப் பண்ணு. மாப்பிள்ளை போன் நேத்தும் எடுக்கல, வேலையா இருப்பாங்களாட்ட இருக்குது.

தண்ணிதான் அவசரம். ஒண்ணரைக் கிலோ பெட்டைக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணியாவது உள்ள போகோணும். ஊசி போடற குழாய்ல எடுத்து வாய்க்குள்ள பீச்சிராதே. நாக்குக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை தொறந்து தொறந்து மூடும், அது மூச்சுக்குழல். தண்ணி அதுல எறங்குச்சுன்னா அம்மையில பொழைச்ச கோழி தண்ணியில போயிரும். அலகோட ஓரத்துல ஒரு சொட்டு வெய்யி, அது தானா நக்கி முழுங்கும். முழுங்குனதும் அடுத்த சொட்டு. மொத ரெண்டு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணியில ஆறு டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைச்சுக் குடு. தினமும் புதுசாக் கரைக்கோணும். அப்பறம் வெறுந்தண்ணி.

தீனிக்குக் கம்மஞ்சோறு, இல்லீன்னா ராகிக்களி. வேகவெச்ச முட்டை மஞ்சக்கருவும், பொடிசா அரிஞ்ச முருங்கைக்கீரையும் பெசஞ்சு நெலக்கடலையளவு உருட்டிக்க. ஒரு வேளைக்குப் பதினஞ்சு உருண்டை, மூணு வேளை. முருங்கைக்கீரையத் தவற உட்டுராதே, கண்ணுக்கும் தோலுக்கும் அதுதான் தெம்பு. கிண்ணத்தத் தினமும் ஒரே எடத்துல வெச்சு, வெரல் நகத்துல ரெண்டு தட்டுத் தட்டு. கண்ணு தெரியலீனாலும் காது கேக்குமில்ல, ரெண்டு நாள்ல சத்தத்துக்கே வந்து கொத்தும். நீ ஹாஸ்டல்ல இருந்து வந்தப்ப எங்கம்மா, உன்ர அமுச்சி, தட்டத் தட்டித்தான் கூப்புடும், நெனப்பிருக்கும்.

கழுத்தடியில வலப்பக்கம் இரைப்பையத் தடவிப் பாரு. ராத்திரி ரொம்பி இருக்கோணும், விடியால காலியாகி இருக்கோணும். விடிஞ்சும் கெட்டியா நின்னா அன்னைக்குத் தீனிய நிறுத்து, தண்ணி மட்டும் குடு, அப்பறமும் எறங்கலீன்னா டாக்டர்கிட்டக் காட்டு. நெஞ்செலும்பத் தொட்டுப் பாரு, கத்தியாட்டம் கூராத் தட்டுச்சுன்னா தீனி பத்துலன்னு அர்த்தம். கோழி உண்ணுச்சான்னு கேட்டா வெவரமாச் சொல்றே, நீ உண்டியான்னு கேட்டாத்தான் போன் கட்டாகுது. படத்துல உன்ர கையும் தெரிஞ்சுது, மணிக்கட்டு எலும்பு தனியா நிக்குது. அந்த முட்டையில கருவ அதுக்குக் குடுத்தா வெள்ளைய நீ தின்னு.

கொண்டைப் பொருக்குக்கு ஒரு கைப்பிடி வேப்பந்தழையும் விரலளவு பச்சை மஞ்சளும் அரைச்சு, வேப்பெண்ணெய் நாலு சொட்டு உட்டுத் தடவு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. கண்ணுக்குள்ளயும் மூக்கு ஓட்டையிலயும் படக்கூடாது. இது அம்மையப் போக்கற மருந்தில்ல, ஈ உக்காராம, சீழ் புடிக்காம இருக்கறதுக்குத்தான். அம்மைக்கு மருந்தே கெடையாது, கடையில யாராவது மாத்திரை குடுத்தா வாங்கிட்டு வராதே. கண்ணுல சீழ் வடியறது நிக்கலீன்னா மட்டும் கால்நடை மருந்தகத்துல காட்டி, அவங்க எழுதற சொட்டு மருந்தப் போடு. மருந்து ஓடற வரைக்கும், நிறுத்துன பொறவும் டாக்டர் சொல்ற நாள் வரைக்கும், கருப்பி போடற முட்டை யாருக்கும் வேண்டா.

ஒண்ணு மட்டும் மறக்காமப் பாரு, வாயத் தொறந்து உள்ள பாரு. தொண்டையில மஞ்சப் படலம் படிஞ்சிருந்தா அது உள்ளம்மை, அது பொல்லாதது. நகத்துல சொரண்டிராதே. மூச்சு கொரகொரன்னுச்சுன்னா அன்னைக்கே தூக்கிட்டுப் போ. சும்மா வீட்டுக்குள்ளயே வெச்சுப் பாத்துட்டு, முத்துன பொறவு சொல்ற பழக்கம் நம்ம வீட்டுல எல்லார்த்துக்கும் இருக்குது. பெரியக்காட்டு விசயம் உனக்குத் தெரியும். நீயும் அதே ரத்தம். படிப்புலயும் கைவேலையிலயும் உன்னப் பத்தி நான் ஆருகிட்டயும் கொறையாச் சொன்னதில்ல. ஆனா வாயத் தொறக்க மாட்டே.

கூட இருக்கற ரெண்டு கோழிக்கும் இன்னும் பொருக்கு வரலீன்னா ரெக்கையில அம்மை ஊசி போட்டுரலாம். போட்ட எடம் ஒரு வாரம் பத்து நாள்ல தடிச்சு வந்தாத்தான் ஊசி புடிச்சுதுன்னு அர்த்தம். கருப்பிக்குப் போடக்கூடாது, அதுக்கு நோவே வந்துட்டதால இனி அம்மை பெரும்பாலும் வராது. பொருக்கெல்லாம் உதுந்த பொறவு பொழுது சாய மத்ததுகளோட அடைய உடு. பகல்ல உட்டா புண்ணப் பாத்துக் கொத்திப் போடும். வாளி, தேங்காத்தொட்டி, ஏசித் தண்ணி நிக்கற எடம் எல்லாம் கவுத்து வெய்யி.

பொருக்கோட பஸ்ஸுல கொண்டு வந்தா இங்க இருக்கறதுக்குத் தொத்துமோன்னு நீ யோசிக்க வேண்டா. நம்ம கோழிகளுக்கு ஆடியிலயே அம்மை ஊசி போட்டாச்சு. கோழி அடைக்கற கொடாப்பு ஒண்ணு தனியா இருக்குது. பெட்டியில நாலு பக்கமும் ரூவா காசளவு ஓட்டை போட்டு, வைக்கோல் போட்டு, பல்லடம் வழியா வர்ற மொத பஸ்ஸுல ஏறுனா வெயிலுக்கு முந்தி தாராபுரம் வந்துரலாம். மத்த பெட்டியும் இருந்தா முன்னாலயே சொல்லு, உங்கய்யன் பஸ் ஸ்டாண்டுக்கு டெம்போவ எடுத்துட்டு வருவாரு.

அம்மா