ஸ்டெப் 3 எழுதிய கதை

அன்புள்ள சேது,

ஒரு வழியாக ஸ்டெப் 3, அதாவது அமெரிக்காவில் மருத்துவர் உரிமம் பெறுவதற்கான மூன்று தேர்வுகளில் கடைசியை, எழுதிவிட்டேன். முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன் மாத்திரைதான் கேட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இனி உனக்கு அந்தத் தெருவில் நிம்மதி கிடையாது.

தேர்வு இரண்டு நாள். முதல் நாள் 232 கேள்விகள். இரண்டாம் நாள் 180 கேள்விகள், அதற்குமேல் 13 நோயாளிகள், கணினிக்குள். நாளெல்லாம் நுண்ணோக்கியில் திசுத் துண்டுகளைப் பார்க்கும் பேத்தாலஜிக்காரனிடம் உயிரோடு இருப்பவர்களை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. முதல் நாள் ஓரளவு என் ராஜ்ஜியம்தான். அடிப்படை அறிவியல், புள்ளியியல், பிறகு மருந்து விளம்பரம் ஒன்றைக் கொடுத்து இதில் எதை நம்பலாம் என்று கேட்பார்கள். மருந்துக் கம்பெனிக்காரர் தரும் வழவழத் தாளில் நீயும் நெட்டையும் ராக்கெட் விட்டீர்களே, அதையெல்லாம் நான் எழுத்துவிடாமல் படித்துப் பழகினேன்.

இரண்டாம் நாள்தான் உயிரை எடுத்தது. ஒரு நோயாளிக்குப் பத்து அல்லது இருபது நிமிடம். எந்தப் பரிசோதனை, எந்த மருந்து என்று நாமே தட்டச்சு செய்ய வேண்டும். உள்ளே ஒரு கடிகாரம் உண்டு. நாம் தள்ளினால்தான் நகரும். ரத்தப் பரிசோதனை எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் முடிவு வரவே வராது. அவசரப்பட்டு நிறையத் தள்ளினால் அதற்குள் நோயாளி மோசமாகிவிடுவார். தேர்வில் வந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். பயிற்சியில் செய்ததைச் சொல்கிறேன். அடிவயிற்று வலியோடு மயங்கி விழுந்த இளம்பெண். நீயாக இருந்தால் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்ததுமே கருக்குழாயில் கர்ப்பம் வெடித்திருக்கிறது என்று இரண்டு கையிலும் சலைன் ஏற்றி 108-க்குச் சொல்லியிருப்பாய். நான் சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தவகை, ஸ்கேன் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். மகப்பேறு நிபுணரை அழைத்தாலும் உருப்படியாக எதுவும் சொல்வதில்லை. நம் யூனிட் சீஃபைத்தான் உள்ளே உட்காரவைத்திருக்கிறார்கள் போல! அவள் பிழைத்த பிறகு, புகைபிடிக்காதே, சீட் பெல்ட் போடு என்று உபதேசம் வேறு செய்ய வேண்டும்.

என் நிஜ வேலையிலும் அதே இருபது நிமிடக் கணக்குதான். அறுவை அரங்கிலிருந்து ஃப்ரோசன், அதாவது உடனே பார்த்துச் சொல்ல வேண்டிய திசுத் துண்டு, வந்தால், அதை உறையவைத்து, மெல்லச் சீவி, சாயமேற்றி, புற்றா இல்லையா என்று அதற்குள் சொல்லியாக வேண்டும். வயிற்றைத் திறந்துவைத்தபடி சர்ஜன் காத்திருப்பார். அந்தக் கடிகாரம் யாரும் தள்ளாமலேயே ஓடும். அதை முடித்து, நகக்கண்ணில் ஈயோசின் சாயத்தின் சிவப்போடு வீட்டுக்கு வந்து, குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணையை மனப்பாடம் செய்தேன். இங்கே பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசி பி.சி.ஜி. கிடையாது, தெரியுமா?

சேது, ஒன்று உறுத்துகிறது. இதில் தேறி, ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சியில் வேண்டிய ஆண்டுகளையும் முடித்தால் மாநிலம் தரும் உரிமம் பேத்தாலஜிக்கு மட்டுமானது அல்ல, மருத்துவம் முழுவதற்கும். சட்டப்படி நான் பிரசவமே பார்க்கலாம். (எந்த மருத்துவமனையும் என்னை அந்த அறைக்குள் விடாது, அது வேறு கதை.) ஹவுஸ் சர்ஜன் காலத்துக்குப் பிறகு நான் ஒரு தொப்புள்கொடிகூட வெட்டியதில்லை. மின்சாரம் போன சுகாதார நிலையத்தில், ஆயா செல்போன் வெளிச்சம் பிடிக்க, கழுத்தில் கொடி சுற்றிய பிள்ளையை வெளியே எடுத்தவன் நீ. நீ இங்கே வந்தால் ஒருவருக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. வெளிநாட்டிலிருந்து வருபவரை எதையாவது வைத்து அளந்துதானே ஆக வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனியாக வைத்தியம் பார்க்கத் தகுதியானவர் யார் என்பதுதான் கேள்வி என்றால், எனக்கு முதலில் தோன்றுவது உன் முகம்.

இதைப் படித்துவிட்டுத் தலையில் கொம்பு முளைக்க வேண்டாம்.

உன் தம்பியிடம் ஒன்று சொல். முதல் இரண்டு ஸ்டெப்பையும் இந்தியாவிலேயே எழுதலாம். மூன்றாவதை அமெரிக்காவுக்கு வந்துதான் எழுத வேண்டும். எச்-1பி என்னும் வேலை விசாவில் ரெசிடென்சி சேர நினைத்தால் அதையும் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும், ஆகவே பணக்கணக்கை இப்போதே போடட்டும். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அழைக்கச் சொல். உன்னைப்போல் அங்கே காலை பத்து மணிக்குக் கூப்பிட்டு என்னை நடுராத்திரியில் எழுப்பாமல் இருந்தால் சரி.

அன்புடன்,
உன் பிணவறை டாக்டர்