அப்பாயிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்

வாட்டர்டவுன், நியூயார்க் மாநிலம்
தை 7

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

தேன்மொழி எழுதுவது. இங்கு நான் நலம். அங்கே அப்பாயி, சித்தப்பா வீட்டார், தம்பி எல்லோரும் நலமா? அப்பா தீபாவளிக்கு முன்னால் போட்ட கடிதம் கார்த்திகையில் வந்து சேர்ந்தது. இத்தனை நாள் பதில் எழுதாதது தப்புத்தான். போனில்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் "சாப்பிட்டியா" என்று அம்மா கேட்க, "சாப்பிட்டேன்" என்று நான் சொல்ல, அதிலேயே நேரம் போய்விடுகிறது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. நம்ம ஊர்ச் சாமான் வேண்டுமென்றால் சிரக்யூஸ் போக வேண்டும், 110 கிலோமீட்டர். போன தடவை கேழ்வரகு மாவு கிடைத்தது. களி கிண்டினேன், கட்டி தட்டிவிட்டது, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. தயிர்தான் உறைய மாட்டேன் என்கிறது. பெட்டி அடுப்புக்குள் இருக்கும் மின்விளக்கை எரியவிட்டு, பாத்திரத்தைத் துண்டால் சுற்றி வைத்தால் மறுநாள் மத்தியானம் ஒருமாதிரி தயிராகிறது. ஒன்டாரியோ ஏரியிலிருந்து ஈரக்காற்று ஏறிவந்து இந்தப் பக்கத்தில் பனியாகக் கொட்டுகிறது. காலையில் கதவைத் திறந்தால் முழங்கால் வரை பனி நிற்கும். அம்மா, நீ கேட்ட கோட்டு வாங்கிவிட்டேன், நல்ல கனமானது. பயப்படாதே.

வேலை பற்றி அப்பா விவரமாகக் கேட்டிருந்தீர்கள். "ராணுவ முகாமில் தொல்லியலுக்கு என்ன வேலை?" என்று சித்தப்பா கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் வேலை பார்க்கும் ஃபோர்ட் டிரம் முகாம் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். அவ்வளவு நிலத்தில் மனுசர் வாழாத இடம் எங்கே இருக்கும்? அரசுப் பணத்தில் எதைக் கட்டினாலும், அங்கே காக்க வேண்டிய பழையது ஏதும் கெடுமா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லி 1966-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் நாங்கள். 15 மீட்டருக்கு ஒரு குழி தோண்டி, மண்ணைச் சல்லடையில் சலிப்போம். பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாளில் அந்தப் பக்கம் விடமாட்டார்கள். வெடிக்கும் சத்தத்தில் என் அறை ஜன்னல் கூட அதிரும். முதல் வாரம் தூங்கவில்லை, இப்போது பழகிவிட்டது.

1941-இல் போருக்காக இந்த முகாமைப் பெரிதாக்கினார்கள். அப்போது பெயர் பைன் கேம்ப். 75,000 ஏக்கர் எடுத்தார்கள். 525 குடும்பம் வெளியேறியது. ஐந்து ஊர் அடியோடு போனது. 3,000 கட்டடம் கைவிடப்பட்டது; அதில் 24 பள்ளிக்கூடம், 6 தேவாலயம், ஒரு தபால் ஆபீஸ். ஸ்டெர்லிங்வில் என்பது அதில் ஒரு ஊர், இரும்பு உருக்கும் உலை இருந்த ஊர். இப்போது அஸ்திவாரம் மட்டும் இருக்கிறது. அதன்மேல் ஒருவகைத் துணியை விரித்து, மணலும் சரளையும் கொட்டி மூடியிருக்கிறார்கள். மேலே ராணுவ வண்டி போனாலும் அடியில் சுவர் உடையாது. தோண்டி எடுப்பதுதான் தொல்லியல் என்று படித்துவிட்டு வந்தேன். மூடி வைப்பதும் தொல்லியல்தான் என்று இங்கேதான் தெரிந்துகொண்டேன்.

சித்தப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். ஈராக்கில் பாபிலோன் என்ற பழங்கால நகரத்தின் இடிபாட்டின் மேலேயே 2003-இல் அமெரிக்க ராணுவத்தார் முகாம் போட்டு, பள்ளம் வெட்டி, அந்தப் பழைய மண்ணை அள்ளித் தடுப்புக்கு மூட்டை கட்டினார்கள். அதன் பிறகு, இந்த முகாமின் தொல்லியலாளராக இருந்த லாரி ரஷ் என்ற அம்மையார், போருக்குப் போகும் சிப்பாய்களுக்காக 2007-இல் ஒரு சீட்டுக்கட்டு அச்சடிக்க வைத்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பழைய இடமோ பொருளோ, அதை எப்படிக் காப்பது என்று ஒரு வரியோ இருக்கும். ரம்மி ஆடிக்கொண்டே படிக்கலாம். சித்தப்பாவுக்கு ஒரு கட்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.

எதிர் வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேனே, தினமும் விடிகாலையில் மரக்கோலை நட்டுப் பனி அளந்து நோட்டில் எழுதுகிறவர். அவர் அந்த ஸ்டெர்லிங்வில் ஊர்க்காரர்தான் என்று மார்கழியில்தான் தெரிந்தது. வெளியேறியபோது அவருக்கு 5 வயது. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் ஒன்று கேட்டார்: அவர்கள் வீட்டு அஸ்திவாரத்திலிருந்து ஒரே ஒரு செங்கல். என்னால் முடியாது அப்பா. அங்கே கிடைக்கும் ஆணி கூட அரசின் சொத்து. இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது வெறும் செங்கல் என்று வகுப்பில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. முகாமுக்குள் இருக்கும் பழைய கல்லறையைப் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போகும் நாளில் கூட்டிப் போகிறேன் என்றேன். தலையாட்டினார். மறுநாள் நான் எழும் முன்னே என் வாசல் பனியையும் தள்ளி வைத்திருந்தார்.

அன்று ராத்திரி அப்பாயி நினைப்பாகவே இருந்தது. மேட்டூர் அணைக்காக ஊரைக் காலி செய்தபோது அப்பாயி கைக்குழந்தை. அணைத் தண்ணீர் இறங்கி, மூழ்கிய கோயிலின் பண்ணவாடி நந்தி தெரிகிறது என்று அப்பா எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சின்ன வயதில் அப்பாயி என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீரைக் காட்டி "அங்கதான் நம்ம தெரு" என்று சொல்லும். நான் ஒரு நாளும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஊரான் ஊரின் கிணறு, அடுப்பு, வேலிக்கல் எல்லாவற்றுக்கும் எண் போட்டு வைக்கிறேன். எங்கள் தெருவின் பெயர் எனக்குத் தெரியாது. இந்த வரியை அழாமல் எழுத வேண்டும் என்று பார்த்தேன். முடியவில்லை.

அதனால் சொல்கிறேன். பழைய வீட்டை இடித்துவிட்டு இடத்தைப் பிரிக்கலாம் என்று சித்தப்பா சொன்னால் சரி, நான் குறுக்கே நிற்கவில்லை. அம்மாவுக்கும் ஓடு மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. ஆனால் வாசல் நிலையை மரக்கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். அது தண்ணீருக்குள் போன ஊரிலிருந்து அப்பாயியின் மாமனார் மாட்டுவண்டியில் ஏற்றி வந்தது. இடிக்கும் முன்னால் தம்பியை ஒவ்வொரு அறையும் அளந்து, நாலு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். குதிர் இருந்த இடம், ஆட்டுக்கல், எல்லாம். ஒரு நோட்டு வாங்கி அப்பாயி பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். தெருப் பெயர், கிணறு எந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் யார், எத்தனை வண்டி வந்தது என்று அப்பாயிக்கு அதன் அம்மா சொன்னதையெல்லாம் கேட்டு எழுதட்டும். எனக்குக் கடிதத்தில் வேண்டும், போனில் வேண்டாம்.

பணம் இந்த மாதம் அனுப்ப முடியவில்லை. நிலம் இறுகிக் கிடப்பதால் வெளிவேலை இல்லை, உள்ளே பொருள் கழுவி எண் போடும் வேலை மட்டும். நேரம் கொஞ்சம் குறைவு, எனக்கும் ஓய்வாக இருக்கிறது. அம்மா வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கள், சித்திரைக்குள் திருப்பிவிடலாம். தம்பி பரீட்சைக் கட்டணத்துக்கு மட்டும் அத்தையிடம் வாங்கிக்கொள்ளுங்கள், நான் அத்தைக்குத் தனியாக எழுதுகிறேன்.

நிலையைக் கழற்ற ஆசாரியைக் கூப்பிடுங்கள், கடப்பாரை போட விடாதீர்கள். படுக்க வைத்து, அடியில் கட்டை கொடுத்து, நிழலில் வையுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

அன்பு மகள்,
தேன்மொழி