ராத்குரோகன் போய் வந்தேன், கோமதி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அதுவே பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே. சின்னவளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம் என்று சொல்.

அயர்லாந்துப் பழங்கதைகளில் வரும் இடங்களை நேரில் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். இந்த வசந்தத்தில் நானும் இவரும் ராஸ்காமன் பக்கம் ராத்குரோகனுக்குப் போனோம், அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. சாலையோரம் புல் மூடிய பெரிய மேடு, குறுக்களவு ஏறக்குறைய 90 மீட்டர் இருக்கும், சுற்றிலும் மாடு மேய்கிறது, அவ்வளவுதான். அந்தப் பழங்கதைகளில் வரும் மேவ் அரசியின் தலைநகர் அதுதான்! ஓர் இரவு படுக்கையில் அவளும் புருஷன் அலிலும் யாருக்குச் சொத்து அதிகம் என்று வாக்குவாதம் பண்ணி, அண்டா குண்டா முதல் ஆடு மாடு வரை கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்க்கிறார்கள். எல்லாம் சரிக்குச் சரி, ஆனால் அவனிடம் வெள்ளைக் கொம்புக் காளை ஒன்று கூடுதலாக இருக்கிறது. அது அவள் மந்தையில் பிறந்த கன்றுதான், ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக இருக்க மாட்டேன் என்று அவன் பக்கம் போய்விட்டதாம். அதற்கு ஈடாக கிழக்கே கூலி என்ற பகுதியில் இருந்த பழுப்புக் காளையைக் கவர்ந்து வர அவள் படை திரட்ட, அயர்லாந்தின் மிகப் பெரிய ஆநிரைப் போர்க்கதை அங்கிருந்து கிளம்புகிறது. முடிவில் இரண்டு காளைகளும் முட்டிக்கொண்ட இடம் இது என்று பக்கத்திலேயே ஒரு வட்ட மண்கோட்டையைக் காட்டுகிறார்கள், பெயரே காளைக் கோட்டை.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் 240க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள், பெரும்பாலும் விவசாயிகளின் நிலத்தில். அந்தப் பெரிய மேட்டை அகழாமல், மேலிருந்தே கருவிகளை வைத்து ஆராய்ந்ததில், அதைச் சுற்றி 360 மீட்டர் குறுக்களவில் ஒரு மாபெரும் வட்ட அடைப்பு இருந்தது தெரிந்திருக்கிறது. மண்வெட்டி படாமலே இவ்வளவு!

அப்புறம் பூனைக் குகை. ஒரு பண்ணைப் பாதையோரம் முள்மரத்தடியில் ஒரு சின்னப் பொந்து, வழிகாட்டி காட்டியிருக்காவிட்டால் தாண்டிப் போயிருப்போம். உள்ளே குனிந்து பார்த்தால் தலைக்கு மேல் ஒரு நீளக் கல், அதன் விளிம்பில் ஓகம் என்ற பழைய அயர்லாந்து எழுத்தில் கீறல்கள், 'மேவின் மகன் ஃப்ரேக்' என்று படிக்கிறார்கள். சேற்றில் தவழ்ந்துதான் இறங்க வேண்டும், என் முழங்கையெல்லாம் சேறு. கொஞ்ச தூரத்தில் மனிதர் கட்டிய வழி முடிந்து இயற்கையான சுண்ணாம்புப் பாறைப் பிளவு தொடங்குகிறது, அங்கே நிமிர்ந்து நிற்கலாம். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். போர்த் தேவதை மோரிகன் குடியிருப்பது இங்கேதான், அக்டோபர் கடைசி இரவில், சாமன் பண்டிகையன்று, பிசாசுக் கூட்டம் வெளியே வருவதும் இந்த வாசல் வழியாகத்தான்.

நெரா என்பவன் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவன் ஒரு சாமன் இரவில் மேவின் அரண்மனை எரிவதைப் பார்க்கிறான், எரித்தவர்கள் பின்னாலேயே குகைக்குள் போய்விடுகிறான். நீ பார்த்தது இனிமேல் நடக்கப்போவது, போய் உன் ஆட்களை எச்சரி என்று உள்ளே ஒருத்தி சொல்கிறாள். குகைக்குள்ளிருந்து வந்தேன் என்பதற்கு அத்தாட்சியாகக் காட்டுப்பூண்டு, பிரிம்ரோஸ், பொன்னிறப் பெரணி என்று கோடைக்காலச் செடிகளை எடுத்துக்கொண்டு குளிர்கால வாசலில் வெளியே வருகிறான். அவனுக்கு அங்கே எவ்வளவோ காலம் போயிருக்கிறது, இங்கே அடுப்பிலிருந்த பானையைக்கூட இன்னும் இறக்கவில்லை. அந்த இருட்டில் நின்று இதைக் கேட்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது கோமதி.

ராத்குரோகனை இப்படித் தோண்டாமல் விட்டுவைத்திருப்பதுதான் சரி என்று படுகிறது. பழைய அயர்லாந்து அரசர்களின் இடமான டாரா குன்றுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? 1899லிருந்து 1902 வரை, பைபிளில் வரும் உடன்படிக்கைப் பெட்டியைத் தேடுகிறோம் என்று ஒரு கூட்டம் அங்கே கண்டபடி தோண்டியது, கவிஞர் யேட்ஸ், மாட் கான் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஆனால் கலைத்துப்போட்ட மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது. ஸ்லைகோவில் நாக்னரே மலை உச்சியிலிருக்கும் மேவின் கல்லறைக் குவியலை இன்றுவரை யாரும் அகழவில்லை. ஆனால் அதன் மேலேயே ஏறி நின்று படம் எடுக்கிறார்கள், கற்கள் சரிகின்றன. ஏறாதீர்கள் என்று பலகை வைத்தும் கேட்பதில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டில் வெள்ளைக் கல் முகப்பை 1970களில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் உள்ளே போய்விட்டால் எதுவும் சொல்லத் தோன்றாது. 5,200 வருஷம் பழமை. டிசம்பரில் பகல் மிகக் குறுகிய நாட்களில், விடியும்போது, வாசலுக்கு மேலுள்ள ஒரு சின்னத் திறப்பு வழியாக வெயில் 19 மீட்டர் நடையைத் தாண்டிக் கருவறைத் தரைவரை வருகிறது, சுமார் 17 நிமிஷம் இருக்கிறது. 1967இல் தொல்லியல் பேராசிரியர் ஓ'கெல்லி உள்ளே காத்திருந்து பார்த்த பிறகுதான் இது உலகத்துக்குத் தெரிந்தது. அந்த விடியலுக்கு உள்ளே விட ஒவ்வொரு வருஷமும் குலுக்கல் போடுகிறார்கள். உன் பெயருக்கும் ஒரு விண்ணப்பம் போடட்டுமா? அண்ணனுக்குக் கால் சரியாகட்டும், பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பித்து வைத்துவிடு. குகைக்கு மட்டும் பழைய துணியாக ஒன்று எடுத்து வா.

அன்புடன்,
மீனா