செயலாளரின் ஆண்டறிக்கை: மழைமானியும் பிற பணிகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

தைப்பொங்கல் விழா, திருவிழாத் தண்ணீர்ப்பந்தல், குடிநீர்த் தாங்கிச் சிரமதானம் ஆகியன வழமைபோல் நடைபெற்றன.

இவ்வாண்டின் முக்கிய வேலையாக நான் கருதுவது மழைமானியையே. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு இடிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானதென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆகவே, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100ஐக் கடந்தால் ஆயத்தமாதல், 150ஐக் கடந்தால் வெளியேறுதல் என்ற அந்நிறுவனத்தின் அளவுகளைப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைமடுவச் சுவரில் எழுதி, மானியைக் கோவில் முற்றத்தில் நட்டு, நாள்தோறும் காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்கு முன் அளந்து ஏட்டில் குறித்து வருகிறேன். காய்ச்சலில் கிடந்த மூன்று நாட்கள் மட்டும் விடுபட்டன.

ஜூலைக் கூட்டத்தில் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையைப் பற்றி நான் பேசியதை, நம் நாட்டில் எரிமலையே இல்லையே என்று சிலர் பின்னர் குறைகூறியதாக அறிகிறேன். 1985 நவம்பர் 13 இரவு உச்சிப் பனி உருகி, ஆற்றுவழியே மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு வந்த சேறுதான் அர்மேரோ பகுதியில் ஏறத்தாழ 23,000 பேரைக் கொன்றது. ஆபத்து வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகியிருந்தது. மலை வெடித்தபின்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. ஊர் மட்டும் எழும்பவில்லை. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவைச் சுற்றியிருந்தவர்களை முன்கூட்டியே அகற்றியதால் பல்லாயிரம் பேர் பிழைத்தனர். இதில் நமக்குச் சம்பந்தமில்லாதது எது என்று குறைகூறியவர்கள் கூட்டத்திலேயே கேட்டிருக்கலாம்.

வெளியேற்ற ஒத்திகையன்று கோவில் மணி அடித்ததும் பாடசாலை மைதானத்துக்கு வந்தவர்கள் பதினொருவர்; அவர்களுள் நால்வர் சிறுவர், செயற்குழுவினர் இருவர். வெடிப்பு விழுந்த சரிவுக்குக் கீழே குடியிருக்கும் மேல் லயத்தார் ஒருவரும் இறங்கவில்லை. பிற்பகலில் கிரிக்கெட் பார்க்க அதே மைதானத்தில் நிற்க இடமிருக்கவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா நிலுவையிலுள்ளது. ஒலிபெருக்கிக்கான பற்றரியை என் கைக்காசில் வாங்கினேன். திருப்பிக் கேட்கவில்லை, அறிக்கையில் இருக்கட்டும் என்றே குறிப்பிடுகிறேன்.

தலைவர், கிராம உத்தியோகத்தர், கோவில் பரிபாலன சபையினர், மாதர் அணியினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டில் மேல் லயத்தருகே இன்னொரு மானி வைக்க வேண்டும். அதற்குப் பணமும், விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பக்கூடிய ஒருவரும் தேவை. எவரேனும் முன்வந்தால் ஏட்டையும் பதவியையும் சேர்த்தே ஒப்படைக்க ஆயத்தமாயுள்ளேன். முன்வராதவர்கள் இம்மாதச் சம்பளத்தன்று சந்தாவையேனும் பொருளாளரிடம் சேர்ப்பிப்பார்கள் என நம்புகிறேன்.

இவ்வண்ணம்,
செயலாளர்