போர்க்காலத்துப் பழம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. லாரி ஒரு நாள் தாமதமாக வந்ததில், பறித்து வைத்த பன்னீர் திராட்சை கசிந்து வீணாகிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்த நேரத்திலிருந்து மனம் ஆறவில்லை. என் முழங்கால் வலி தேவலை. பேரன் தத்தித் தத்தி நடக்கிறான். வேறொன்றை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

போன சனிக்கிழமை, என்னோடு வேலை பார்த்த லெபனான் நண்பர் வீட்டுக்குப் போனேன். பணி ஓய்வு நாளுக்கென்றே எடுத்து வைத்திருந்த பாட்டிலைத் திறந்தார். ஷாத்தோ முசார் என்ற லெபனான் ஒயின், 1983. அடி மண்டி தங்கட்டும் என்று இரண்டு நாள் நிமிர்த்தி வைத்திருந்தாராம். கார்க் பாதியில் ஒடிந்தது. மிச்சத்தை மெல்ல நெம்பி எடுத்தார். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, அந்த வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் குடுவையில் சாய்த்தார். கலங்கல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிட்டார். சிவப்பு ஒயின் என்றுதான் பெயர். நிறமோ வெந்த செங்கல். உலர்ந்த அத்திப்பழ வாசனை, பழைய தோல்பெட்டி வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில் நம் வீட்டுப் பானையில் உப்பிட்டு வைத்த பழம்புளி. ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

கஸ்தோன் ஹோஷார் என்பவர் 1930இல் பெய்ரூட்டுக்கு வடக்கே கசீர் என்ற ஊரில் தொடங்கிய ஆலை இது. மகன் செர்ஜ் பிரான்சில் போர்தோவில் படித்தவர். 1959இல் ஒயின் தயாரிப்பை அவர் ஏற்றுக்கொண்டார். கபர்னே சோவின்யோன், சான்சோ, கரின்யான் என்று மூன்று வகைத் திராட்சை. நொதித்த ஒயின் ஓக் பீப்பாயில் ஓராண்டு இருக்கும். பிறகு கலந்து, பாட்டிலில் அடைத்து, ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு விடுவார்கள்.

தோட்டங்கள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், பெக்கா பள்ளத்தாக்கில், சுமார் 1000 மீட்டர் உயரத்தில். பழைய கொடிகள் பலவற்றுக்குப் பந்தல் கிடையாது, முருகேசா. புதர்போல் தரையோடு குந்தியிருக்கும். உனக்குப் பார்க்கவே வினோதமாக இருக்கும். பறித்த பழம் லாரியில் மலையைத் தாண்டி ஆலைக்கு வர வேண்டும். 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர் நடந்தது அந்தப் பாதைகளில்தான். 1983 செப்டம்பரில், சரியாக அறுவடைக் காலத்தில், மலைப்போர் மூண்டது. நான் குடித்தது அந்த ஆண்டுப் பழம்.

1976இல் ஒயினே இல்லை. 1984இல் லாரிகள் சுற்றுவழியில் அலைந்து, பல நாள் கழித்து வந்து சேர்ந்தபோது பழம் வண்டியிலேயே நொதிக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு ஒயின் வழக்கம்போல் கடைக்கு வரவில்லை. மற்ற ஆண்டுகளில், குண்டுக்கு நடுவிலும், செர்ஜ் அறுவடையை விடவில்லை. அவர் 2014இன் கடைசி நாளில் இறந்துபோனார். நண்பர் இதைச் சொல்லிவிட்டு லேபிளில் இருந்த 1983ஐ விரலால் ஒருமுறை தடவினார். அந்தச் செப்டம்பரில் அவருக்குப் பதினேழு வயதாம்.

உன் கசிந்த கூடைகளை எண்ணிக்கொண்டேதான் நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலி பாட்டிலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடியில் மண்டி இன்னும் ஒட்டியிருக்கிறது, கழுவவில்லை. டிசம்பரில் கம்பத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன், முகர்ந்து பார். அடுத்த கவாத்து எப்போது என்று எழுது. நானும் கூட நிற்கிறேன்.

அன்புடன்,
சேகர்