சுவருக்குள் மூடிவிட்ட வேலை: ஹோம் தியேட்டர் நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்,
ஹொரமாவு, பெங்களூரு.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
ஹோம் தியேட்டர் வடிவமைப்பு நிறுவனம்,
பெங்களூரு.

பொருள்: கொட்டேஷனில் சொன்னபடி வேலை செய்யாதது, சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

எங்கள் புது வீட்டு ஹாலில் ஹோம் தியேட்டர் அமைத்துத் தர 4,10,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தீர்கள். அதில் 3,70,000 ரூபாய் கட்டிவிட்டேன். வேலை முடிந்துவிட்டது, கையெழுத்துப் போடுங்கள் என்று உங்கள் சூப்பர்வைசர் மூன்று வாரமாகக் கேட்கிறார். நான் போடவில்லை. போனில் பலமுறை சொல்லியும் உங்கள் காதுக்கு வந்து சேரவில்லை என்று தெரிகிறது. அதனால் எழுதுகிறேன். முதல் நாள் உங்கள் ஷோரூமில் நாம் பேசியதெல்லாம் தமிழில்தான் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

அன்று நான் சொன்னதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஹாலின் ஒரு பக்கம் பூஜை அறை. அங்கே கருப்புப் பெட்டிகளும் தரையில் ஓடும் கம்பிகளும் இருக்கக் கூடாது என்று என் அம்மா சொன்னார். என் அப்பாவுக்கு 76 வயது, இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறார். படத்தில் சத்தம் அதிரவில்லை என்றால் பரவாயில்லை, பேசுவது அவருக்குப் புரிய வேண்டும் என்றேன். "கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் தெரியும், நான் பொறுப்பு மேடம்" என்று நீங்களே சொன்னீர்கள். ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர், எல்லாம் சுவரிலும் மரவேலையிலும் மறைந்துவிடும், அவற்றை இயக்கும் ரிசீவர் மாடிப்படிக்கு அடியில் போய்விடும் என்று அங்கேயே படம் போட்டுக் காட்டினீர்கள். அந்தப் படத்தை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

முதலில் கேபிள் விஷயம். கொட்டேஷனில் "14 கேஜ், ஆக்சிஜன் ஃப்ரீ காப்பர்" என்று எழுதியிருக்கிறது, அதாவது 14 கேஜ் கனமுள்ள சுத்தத் தாமிரக் கம்பி. பின்பக்க இடது ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளில் சுவருக்கு வெளியே ஒரு முழம் மிச்சம் தொங்கியது. அப்பா தூரவாணி நகர் டெலிபோன் ஃபாக்டரியில் 34 வருடம் வயரிங் வேலை பார்த்தவர். அந்த முனையைக் கையில் எடுத்ததுமே, "இது வெயிட்டே இல்லையே, தாமிரம் இப்படி இருக்காதே" என்றார். பேனாக்கத்தியால் ஒரே ஒரு இழையை மட்டும் பிரித்து, விரல் நகத்தின் மேல் வைத்து மெல்லச் சுரண்டினார். சிவப்புப் பொடி உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியத்துக்கு மேலே தாமிர முலாம் பூசிய கம்பி அது. நானும் பார்த்தேன், என் மகளும் பார்த்தாள். அந்த இழையைக் காகிதத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். நீங்கள் எப்போது வந்தாலும் காட்டுகிறேன்.

அதோடு விடவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த முனையின் இரண்டு கம்பியையும் ஒன்றாக முறுக்கி, ரிசீவர் பக்கத்திலிருந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார் அப்பா. மீட்டர் ஒயரின் அளவைக் கழித்தபின் கம்பியின் மின்தடை 0.9 ஓம் என்று காட்டியது. கேபிள் ஓடும் தூரம் 14 மீட்டர், போக வர 28 மீட்டர். உண்மையான 14 கேஜ் தாமிரமாக இருந்தால் கால் ஓமுக்குக் கீழேதான் வரும். ஸ்பீக்கர் 8 ஓம். கம்பியின் தடை அதில் நூற்றுக்கு ஐந்துக்குள், அதாவது 0.4 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது உங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. நீங்கள் போட்டிருப்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அலுமினியம் மட்டும் இதற்குக் காரணமில்லை, கம்பியும் 14 கேஜை விட மெல்லியது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடில் இரண்டு கடையில் விசாரித்தேன். நீங்கள் பில்லில் போட்டிருக்கும் விலை தாமிரக் கேபிளின் விலை. போட்டிருக்கும் பொருள் அதில் பாதி விலைக்குக்கூடப் போகாது.

கேபிளை உருவிவிட்டு வேறு மாற்றலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. கேபிள் போகும் பைப்பில், நீள வளைவு போட வேண்டிய மூலைகளில் சட்டென்று மடங்கும் சாதாரண எல்போ போட்டிருக்கிறார்கள். அப்பாவும் பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனும் சேர்ந்து இழுத்தும் ஒரு அங்குலம் நகரவில்லை.

ரிசீவரிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் இதே கதி. படிக்கட்டுக்கு அடியிலிருந்து டிவி வரை 11 மீட்டர். இவ்வளவு தூரத்துக்குச் சாதாரணத் தாமிர எச்டிஎம்ஐ 4கே என்ற உயர்தரப் படத்தைச் சரியாகக் கொண்டுபோகாது, ஒளி வழியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள்தான் வேண்டும், பின்னாளில் மாற்றிக்கொள்ள வசதியாக 40 மில்லிமீட்டர் பைப் போடுவோம் என்று சொன்னவர் நீங்கள்தான். போட்டிருப்பது 20 மில்லிமீட்டர் பைப். உள்ளே இருப்பது சாதாரணத் தாமிரக் கேபிள். எச்டிஎம்ஐ பிளக் அந்தப் பைப்பில் நுழையவே நுழையாது. அப்படியென்றால் கேபிளை எப்படி உள்ளே விட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பூச்சு வேலை செய்த திருப்பத்தூர் மேஸ்திரிதான் சொன்னார்: "கேபிளைத் தரையில நீட்டி வெச்சிட்டு, பைப்பைத் துண்டு துண்டா கோத்து ஒட்டிட்டாங்கம்மா. சீக்கிரம் பூசுன்னு அவசரப்படுத்தினாங்க." இப்போது 4கே போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை கறுத்துத் திரும்ப வருகிறது. தரத்தைக் குறைத்து 1080-இல் வைத்தால் மட்டும் நிற்கிறது. கேபிள்தான் கோளாறு என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

இந்த வேலை நடந்த இரண்டு நாளும் நாங்கள் ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தோம். மற்ற நாளெல்லாம் அப்பா சாயங்காலம் ஐந்து மணிக்கு வாடகை வீட்டிலிருந்து நடந்தே போய், அன்றன்று நடந்ததைப் போனில் படம் எடுத்து வைப்பார். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் படம் இல்லை. திரும்பி வந்தபோது சுவர் மூடியிருந்தது. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் சுவரை மூடும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்காக எனக்கு ஒரு போன்கூட வரவில்லை.

அடுத்தது சென்டர் ஸ்பீக்கர். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். படத்தில் பேச்சு பெரும்பாலும் அந்த ஒரு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் ஒலி தடையில்லாமல் கடக்கும் துணி போட்ட சட்டம் வரும் என்று சொல்லியிருந்தீர்கள். வந்திருப்பது தேக்கு நிற வெனீர் ஒட்டிய மரப்பட்டைகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல அகலம், நடுவே என் சுண்டு விரல்கூடப் போகாத இடைவெளி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தனப் பெட்டிக்குள் ரேடியோவை வைத்து மூடியதுபோல் பேச்சு உள்ளேயே நின்றுவிடுகிறது.

அப்பாவின் காதைப் பார்க்கும் டாக்டரிடம் இதைச் சொன்னேன். வயதானால் முதலில் குறைவது மேல் சுருதிகளைக் கேட்கும் திறன்தான், ச, ஸ, த போன்ற எழுத்துகள் தெளிவாகப் புரிய அந்த மேல் சுருதிகள்தான் தேவை என்றார். மரத்தடுப்பு முதலில் நிறுத்துவதும் அதையேதான். கீழ்ச்சுருதி எப்படியும் வளைந்து வந்துவிடும், மேல் சுருதி நேராகத்தான் வரும். அப்பாவின் காதில் எது குறைந்திருக்கிறதோ அதையே உங்கள் மரப்பட்டையும் குறைக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து செய்தி பார்த்தோம். அப்பா முதலில் வால்யூமைக் கூட்டச் சொன்னார். பிறகு உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "என்ன சொல்றான்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சொன்னார். இரண்டு நிமிடத்தில் மறுபடி கேட்டார். மூன்றாவது முறை அவர் கேட்கவே இல்லை, எழுந்து போய் வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். பழைய வீட்டில் டிவியோடு வந்த ஸ்பீக்கரில் அவருக்குச் செய்தி புரிந்தது. நாலு லட்சம் ரூபாய் செலவழித்த வீட்டில் புரியவில்லை.

ஸ்பீக்கரை மறைத்துத் தருவது உங்கள் தொழில். அது முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. சரியான துணிக்குப் பின்னால் வைத்தால் கண்ணுக்கு ஸ்பீக்கர் தெரியாது, காதுக்கு எந்தக் குறையும் இருக்காது. உங்கள் ஷோரூமிலேயே அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள், அதைக் கேட்டுத்தான் நான் சம்மதித்தேன்.

பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் சோபாவுக்கு இருபுறமும் கொஞ்சம் பின்னால் தள்ளி, நேர் எதிரிலிருந்து 110 டிகிரி வாக்கில் பக்கச் சுவரில் வர வேண்டும். உங்கள் படத்திலும் அங்கேதான் குறித்திருக்கிறது. அதைச் சீலிங்கில், சோபாவுக்கு மூன்றடி முன்னால் வைத்துவிட்டார்கள். கேட்டால், லைட்டோடு ஒரே வரிசையில் வந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று பதில். பின்னால் கேட்க வேண்டிய சத்தம் நெற்றிக்கு மேலே கேட்கிறது. ஆட்டோ காலிபரேஷன் மைக் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்கிறார் சூப்பர்வைசர். அந்த மைக் தூரத்தையும் சத்தத்தின் அளவையும் சமன்செய்யும். முன்னால் இருக்கும் ஸ்பீக்கரைப் பின்னால் கொண்டுபோய் வைக்காது.

சப்வூஃபரில் ஓயாத ரீங்காரம். அதன் சிக்னல் கேபிளை 230 வோல்ட் லைனோடு ஒரே பைப்பில் விட்டிருக்கிறார்கள். இதற்கு அப்பா எடுத்த படம் இருக்கிறது. சப்வூஃபர் பக்கத்தில் அந்தக் கேபிளைப் பிடுங்கினால் ரீங்காரம் நின்றுவிடுகிறது. சம்ப் மோட்டார் போடும்போதெல்லாம் "டொப்" என்று ஒரு அடி வேறு. பேத்தி பயந்து எழுகிறாள் என்று அம்மா ராத்திரியில் மோட்டார் போடுவதையே நிறுத்திவிட்டார்.

இத்தனையையும் வாட்ஸப்பில் எழுதியபோது உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில், "ரூம் அகாஸ்டிக்ஸ் ப்ராப்ளம், பேனல் போட்டால் சரியாகும்" என்பது. அதாவது, அறையில் ஒலி பரவும் விதம்தான் குறையாம். கூடவே 68,000 ரூபாய்க்கு இன்னொரு கொட்டேஷன். அறைக்கும் குணம் உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஹால் 17 அடி நீளம், அதனால் 33 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அடிச்சத்தம் சில இடத்தில் மொத்தும், சில இடத்தில் காணாமல் போகும். அதை நான் குறையாகச் சொல்லவே இல்லை. அறையின் குணத்தால் தாமிரக் கம்பி அலுமினியம் ஆகுமா? 40 மில்லிமீட்டர் பைப் 20 ஆகுமா? உங்கள் ஆட்கள் விட்ட தவறைச் சரிசெய்ய என்னிடமே இன்னொரு முறை காசு கேட்பது நியாயமே இல்லை.

நான் கேட்பது இதுதான். ஐந்து ஸ்பீக்கரின் கேபிளும் கொட்டேஷனில் உள்ளபடி தாமிரமாக மாற வேண்டும். டிவிக்கு 40 மில்லிமீட்டர் பைப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐயும் வர வேண்டும். அந்தக் கேபிளில் எந்த முனை ரிசீவருக்கு, எந்த முனை டிவிக்கு என்று உண்டு, அதைப் பார்த்து இழுக்கச் சொல்லுங்கள். சப்வூஃபர் கேபிளுக்குத் தனிப் பைப் வேண்டும். பின்பக்க ஸ்பீக்கர்கள் படத்தில் குறித்த இடத்துக்குப் போக வேண்டும், சீலிங்கில் வெட்டிய ஓட்டைகளை மூட வேண்டும். சுவரை உடைப்பது, பூசுவது, பட்டி, பெயிண்ட் எல்லாம் உங்கள் செலவு. இந்த முறை மூடும் முன் அப்பா ஒவ்வொரு பைப்பையும் பார்ப்பார், நானும் லீவு போட்டு நிற்பேன். இதெல்லாம் முடிந்து, ஒரு முழுப் படம் பார்த்தபிறகு மீதி 40,000 ரூபாயை அன்றைக்கே தருகிறேன். உங்களால் முடியாது என்றால் கேபிள், பைப், நிறுவல் கூலிக்கு நான் கொடுத்த பணத்தையும், சுவரைப் பழையபடி ஆக்க ஆகும் செலவையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். அதற்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. கொட்டேஷன், ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீதுகள், நீங்கள் போட்ட படம், அப்பா எடுத்த புகைப்படங்கள், வாட்ஸப் உரையாடல் எல்லாவற்றின் நகலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சுவர் வேலைக்கு ஆள் சேர்க்க நாள் ஆகும் என்றால் அதைப் பேசிக்கொள்ளலாம். சென்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் அந்த மரச்சட்டத்தை மட்டும் இந்த வாரமே கழற்றித் துணிச்சட்டம் மாட்டிக் கொடுங்கள். எங்கள் தச்சரிடம் காட்டினேன், எட்டு ஸ்க்ரூதான், இரண்டு மணி நேர வேலை என்கிறார். அப்பா சாயங்காலச் செய்தியை வாசல் திண்ணையிலிருந்து எழுந்து வந்து கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்,
ஹொரமாவு, பெங்களூரு.