அய்யனார் கோயில், ஊருணி திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்து உதவிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கண்மாய்க்கரை அய்யனார் கோயில் கும்பாபிஷேகம் கடந்த ஆனி மாதம் நல்லபடியாக நடந்தேறியது. நடந்த வேலைகளை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

கோயில் விமானத்தை விட்டுவிட்டு மழைநீர் தேங்கும் குளமான ஊருணியில் மண்வெட்டி வைத்தது ஏன் என்று பலர் கேட்டீர்கள். கடல் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊரில் எங்கே போர் போட்டாலும் உப்பு நீர்தான். முன்பு ஒருமுறை அந்தத் தண்ணீரில் சிமெண்டு குழைத்து விமானத்தைப் பூசியிருந்தார்கள். உள்ளே இருந்த கம்பி துருவேறிப் பருத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. இம்முறை கம்பியே இல்லாமல் சுண்ணாம்புக் காரை என்று முடிவெடுத்தோம். அதற்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும். அது ஊருணியில் மட்டுமே நிற்கும்.

ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைத்திருந்த சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். தூர்வாரிய கரம்பை மண் மிளகாய்க் கொல்லைகளுக்குப் போனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்தது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெயர் பெற்ற ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைப் போல நம் கண்மாய் பெரிதில்லை. ஆனாலும் ஆவணியில் புழுதியில் விதைத்துவிட்டு வானம் பார்க்கும் ஊருக்கு அதுவும் இந்த ஊருணியும்தான் கதி.

தை அறுப்பு முடிந்ததும் காரை வேலை தொடங்கியது. சுண்ணாம்பைக் குழியில் ஊறவைத்து, கடுக்காய் ஊறிய நீரும் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்து அரைத்தார்கள். கரண்டியில் எடுத்தால் வெண்ணெய் போல வழுக்கும் பதம் வரும்வரை கொத்தனார் ஒரு சட்டியைக்கூடச் சாரத்தில் ஏற்றவிடவில்லை. அவசரப்படுத்திய எங்களிடம் அவர் கோபித்துக்கொண்டது நியாயமே. அய்யனாருக்கு மண் குதிரை செலுத்தும் புரவி எடுப்புக்கான குதிரைகளை நம் வேளார் குடும்பம் கண்மாய்க் களிமண்ணிலேயே செய்து சுட்டுத் தந்தது.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியைப் பணமாகத் தர இயலாதவர்கள் குண்டு மிளகாயாகத் தந்தார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே ராமநாதபுரம் குண்டு மிளகாய்தான். பங்குனி வெயிலில் களமெங்கும் சிவப்பாகக் காய்ந்த அந்த மூடைகளை விற்ற பணத்தில்தான் சாரமும் சித்தாள் கூலியும் நடந்தன. ஊரைவிட்டு ஒரு நாளும் போகாத அந்தக் குடும்பங்களுக்கே முதல் மரியாதை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்து, அப்படியே செய்தது. அன்னதானத்துக்குக் கடற்கரை மீனவர்கள் அரிசி தந்தார்கள். பக்கத்து ஊர் ஜமாத்தார் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார்கள். இருவருக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளுடன் கோயில் மண்டபத்தில் இருக்கிறது; யாரும் பார்க்கலாம். தெற்கு மதில் மட்டும் பாக்கி. கையிருப்பில் முதலில் வரத்துக்காலில் மறுபடி துளிர்க்கும் கருவேலத்தை எடுப்போம். மதில் அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்